பழைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? அறிகுறியை வைத்து இன்டர்ஃபேஸைக் கண்டுபிடிக்கும் வழி

1980களிலும் 90களின் முதல் பாதியிலும் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க் தகராறு செய்தால், டிஸ்க் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். தனக்குச் சம்பந்தமே இல்லாத கன்ட்ரோலரிலோ (டிஸ்க்கை இயக்கும் சர்க்யூட்), முறுக்கு மாறிய கேபிளிலோ, ஜம்பரைத் (இரண்டு பின்னை இணைத்து அமைப்பை மாற்றும் சின்ன மூடி) தப்பாகப் போட்டோ மாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கனெக்டர் பொருந்துகிறது என்பதற்கும் இரண்டு பக்கமும் ஒரே இன்டர்ஃபேஸ் (டிஸ்க்கும் மெஷினும் பேசிக்கொள்ளும் முறை) என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் கரன்ட் கொடுப்பதற்கு முன்பே டிஸ்க் எந்த வகை, மெஷின் எந்த வகை என்று இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டு உங்கள் அறிகுறிக்குப் போய்விடலாம்.

முதலில் பின்னை எண்ணுங்கள், அப்புறம் லேபிளைப் படியுங்கள்

டிஸ்க்கின் பின்பக்கம் தங்கப் பூச்சுப் பட்டைகள் கொண்ட போர்டு விளிம்புகள் இரண்டு இருந்து, ஒன்று 34, இன்னொன்று 20 என்று இருந்தால் அது எஸ்டி-506 குடும்பம், அதாவது நாம் எம்எஃப்எம், ஆர்எல்எல் (இரண்டும் தட்டில் தகவலை எழுதும் முறைகள்) என்று சொல்லும் வகை. ஈஎஸ்டிஐ என்ற வேறொரு வகை டிஸ்க்கும் பார்க்க அச்சு அசல் இப்படியேதான் இருக்கும். 34 விளிம்பு மட்டும் இருந்து 20 இல்லையென்றால் கையில் இருப்பது ஃபிளாப்பி டிரைவ். 40 பின் என்றால் பெரும்பாலும் ஐடிஇ (கன்ட்ரோலர் டிஸ்க்கிலேயே இருக்கும் வகை), 44 சின்ன பின் என்றால் இரண்டரை அங்குல ஐடிஇ, 50 பின் என்றால் ஸ்கஸி (பல சாதனங்களை ஒரே சங்கிலியில் மாட்டும் வகை) அல்லது அதற்கு முந்திய சாஸி. "பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது: ஆப்பிளின் பழைய பவர்புக் மெஷின்களில் வந்த இரண்டரை அங்குல ஸ்கஸி டிஸ்க்கிலும் 40 பின்தான். எண்ணிப் பார்த்து ஐடிஇ என்று நினைத்து அதை ஐடிஇ அடாப்டரில் சொருகிவிடாதீர்கள்.

எண்ணிக்கை பாதிதான் சொல்லும், மீதியை லேபிள் சொல்லும். சீகேட் டிஸ்க் என்றால் மாடல் எண்ணே ஜாதகம் மாதிரி. முதல் இலக்கம் டிஸ்க்கின் உடல் அளவு: 2 என்றால் ஐந்தேகால் அங்குலம் பாதி உயரம், 4 என்றால் ஐந்தேகால் அங்குலம் முழு உயரம், 1 என்றால் மூன்றரை அங்குலம். அடுத்து வருவது ஃபார்மட் செய்யாத கொள்ளளவு, எம்பியில். கடைசி எழுத்துதான் நமக்கு வேண்டியது. 'ஏ' என்றால் ஐடிஇ, 'எக்ஸ்' என்றால் ஐபிஎம் எக்ஸ்டி வகை மெஷினுக்கான 8 பிட் ஐடிஇ, 'என்' என்றால் ஸ்கஸி, 'ஈ' என்றால் ஈஎஸ்டிஐ, 'ஆர்' என்றால் ஆர்எல்எல், எழுத்தே இல்லையென்றால் எம்எஃப்எம். எஸ்டி-157ஏ, எஸ்டி-157என், எஸ்டி-157ஆர் மூன்றும் பெயரளவில் ஒரே டிஸ்க், ஆனால் ஒன்று மாட்டும் மெஷினில் மற்ற இரண்டும் வேலை செய்யாது. இணையத்தில் பழைய டிஸ்க் தேடும்போது விற்பவர்கள் இந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டுத்தான் தலைப்பு போடுகிறார்கள், அதனால் லேபிளின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மற்ற கம்பெனிகளும் இதே மாதிரி ஏதோ ஒரு வழி வைத்திருந்தன. குவாண்டம் புரோடிரைவில் 'எஸ்' என்றால் ஸ்கஸி, 'ஏடி' என்றால் ஐடிஇ. கானரில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: சிபி-3104 ஐடிஇ, சிபி-3100 ஸ்கஸி. மேக்ஸ்டரில் மட்டும் ஒரு பொறி உண்டு. எக்ஸ்டி-1140 என்ற பெயரில் வரும் 'எக்ஸ்டி'க்கும் எக்ஸ்டி வகை ஐடிஇக்கும் எந்த உறவும் இல்லை, அது எம்எஃப்எம் டிஸ்க். அதே வரிசையில் எக்ஸ்டி-4380ஈ என்றால் ஈஎஸ்டிஐ, எக்ஸ்டி-4380எஸ் என்றால் ஸ்கஸி.

சுவிட்ச் போட்டதும் பவர் சப்ளை "டிக்" என்று நின்றுவிடுகிறது, அல்லது டிஸ்க் சுற்றவே இல்லை

இது இன்டர்ஃபேஸ் கோளாறே அல்ல, ஆனாலும் அப்படி நினைத்துக்கொண்டு கேபிளை மாற்றி மாற்றி நேரத்தை வீணாக்குவது வழக்கம். டேட்டா கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் பவர் கனெக்டரை மட்டும் மாட்டிப் பாருங்கள். அப்போதும் பவர் சப்ளை நின்றால், டிஸ்க் போர்டில் இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். மல்டிமீட்டரில் மஞ்சள் பின்னுக்கும் கறுப்புக்கும் நடுவில் (12 வோல்ட்), சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் (5 வோல்ட்) ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அந்த வரியில்தான் குற்றவாளி.

பவர் சப்ளை நிற்காமல் ஓடுகிறது, ஆனால் மோட்டார் லேசாக முனகிவிட்டு அடங்குகிறது என்றால், தகவலைப் படிக்கும் ஹெட்கள் உள்ளே சுற்றும் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டிஸ்க்கைக் கையில் தட்டையாகப் பிடித்து, தட்டு சுற்றும் அச்சிலேயே சட்டென்று ஒரு திருப்பு திருப்பிவிட்டுக் கரன்ட் கொடுத்தால் பல டிஸ்க்குகள் கிளம்பிவிடும். சுத்தியலால் தட்டுவது, மேஜையில் இடிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். கிளம்பியதும் அணைக்காமல் உள்ளே இருப்பதை முதலில் நகல் எடுத்துவிடுங்கள், அடுத்த முறை கிளம்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பழைய குவாண்டம் புரோடிரைவ் மட்டும் தனிக்கதை. தட்டு சுற்றும், ஆனால் ஹெட் நகரும் சத்தமே வராது. உள்ளே ஹெட் கை முட்டி நிற்பதற்கு வைத்த ரப்பர் தடுப்பு நாளடைவில் உருகிப் பசையாகி, கையை அப்படியே பிடித்துக்கொள்கிறது. எந்த ஜம்பரை மாற்றினாலும் இதற்குப் பயனில்லை.

34 + 20: நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் 1701 பிழை வருகிறது, அல்லது கன்ட்ரோலர் டிஸ்க் இல்லை என்கிறது

1983ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி டிஸ்க்கோடு வந்தபோது நுழைந்த ஏற்பாடு இது, அப்புறம் பல ஆண்டுகள் எல்லா ரகத்து மெஷின்களிலும் ஓடியது. ஐபிஎம் வகை மெஷின் தொடங்கும்போது 17 என்று ஆரம்பிக்கும் எண் வந்தால் அது ஹார்ட் டிஸ்க் பக்கத்துப் புகார். எக்ஸ்டிக்கு அடுத்து வந்த ஏடி மெஷினில் 1780 என்றால் முதல் டிஸ்க், 1781 என்றால் இரண்டாவது, 1782 என்றால் கன்ட்ரோலர்.

முதலில் கேபிளின் முறுக்கைப் பாருங்கள். ஃபிளாப்பி கேபிளும் 34 கம்பி, இதுவும் 34 கம்பி, இரண்டிலும் நடுவில் சில கம்பிகள் முறுக்கியிருக்கும். ஃபிளாப்பியில் முறுக்கு 10 முதல் 16 வரையிலான கம்பிகளில், ஹார்ட் டிஸ்க் கேபிளில் 25 முதல் 29 வரை. கேபிளின் சிவப்புக் கோட்டை முதல் கம்பி என்று வைத்து எண்ணினால் உடனே தெரிந்துவிடும்: முறுக்கு சிவப்புக் கோட்டுப் பக்கம் இருந்தால் ஃபிளாப்பி, எதிர் ஓரத்துப் பக்கம் இருந்தால் ஹார்ட் டிஸ்க். முறுக்கு உள்ள கேபிள் என்றால் இரண்டு டிஸ்க்கிலுமே டிரைவ் செலக்ட் ஜம்பர் "இரண்டாவது" என்ற இடத்தில் இருக்க வேண்டும். எண்கள் 1ல் தொடங்கும் டிஸ்க்கில் டிஎஸ்2, 0வில் தொடங்கும் டிஸ்க்கில் டிஎஸ்1. முறுக்கு இல்லாத நேர்க் கேபிள் என்றால் முதல் டிஸ்க் ஒன்று, அடுத்தது இரண்டு. கடைசி டிஸ்க்கில் மட்டும், சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் பேக் இருக்க வேண்டும், நடுவில் இருப்பதில் இருந்து எடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கின் விளக்கு எரிகிறது, தேர்வாகிறது, ஆனால் எதையும் படிக்கவில்லை என்றால் 20 கம்பிக் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 34 கம்பி எல்லா டிஸ்க்குக்கும் பொது, 20 கம்பி ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி. கன்ட்ரோலரில் இரண்டு 20 பின் இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இடம் மாற்றி மாட்டினால் கட்டளை ஒரு டிஸ்க்குக்கும் தகவல் வழி இன்னொன்றுக்குமாகப் போய்விடும்.

கேபிள், ஜம்பர் எல்லாம் சரி, இன்னும் படிக்கவில்லையா? டிஸ்க் அதே கன்ட்ரோலரோடு வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வகையில் டிஸ்க்குக்குச் சொந்த அறிவு கிடையாது, தட்டில் செக்டார்களை (தகவல் துண்டுகளை) எப்படி எழுத வேண்டும் என்று தீர்மானிப்பது கன்ட்ரோலர் கார்டுதான். ஒரு கம்பெனியின் கார்டில் ஃபார்மட் ஆன டிஸ்க்கை இன்னொரு கம்பெனியின் கார்டு பெரும்பாலும் படிக்காது. அதனால் பழைய மெஷினில் இருந்து டிஸ்க்கைப் பிரிக்கும்போது கார்டையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்கள் வேண்டும் என்றால் அந்த ஜோடியைப் பிரிக்கவே கூடாது.

எம்எஃப்எம்மா ஆர்எல்எல்லா என்பது இதன் உட்பிரிவு. எம்எஃப்எம் கார்டு ஒரு தடத்தில் 17 செக்டார் எழுதும், ஆர்எல்எல் கார்டு 26. எஸ்டி-225ம் எஸ்டி-238ஆரும் இரண்டுமே 615 சிலிண்டர் (ஹெட்கள் ஒரே இடத்தில் நின்று படிக்கும் தடங்களின் தொகுதி), 4 ஹெட். 17 செக்டாரில் கணக்குப் போட்டால் சுமார் 21.4 எம்பி, 26ல் போட்டால் 32.7 எம்பி. எஸ்டி-225ஐ ஆர்எல்எல் கார்டில் மாட்டினால் கூடுதல் இடம் கிடைக்குமே என்று ஆசை வரும், ஃபார்மட்கூட ஆகிவிடலாம். ஆனால் அந்தத் தட்டு அந்த அடர்த்திக்குச் சான்று பெற்றதில்லை, கொஞ்ச நாளில் படிப்புப் பிழைகள் தலைகாட்ட ஆரம்பிக்கும். கார்டு எந்த வகை என்று தெரியாவிட்டால் ஃபார்மட் செய்யும் நிரல் தடத்துக்கு எத்தனை செக்டார் என்று சொல்கிறது என்பதைப் பாருங்கள், அந்த எண்ணிலேயே பதில் இருக்கிறது.

ஈஎஸ்டிஐ டிஸ்க்கில் கேபிள் அதே மாதிரி இருந்தாலும் சிக்னல் வேறு. எம்எஃப்எம்மில் கன்ட்ரோலரில் இருந்த டேட்டா செப்பரேட்டர் (தட்டில் இருந்து வரும் சிக்னலைப் பிட்களாகப் பிரிக்கும் பகுதி) இதில் டிஸ்க்குக்குள்ளேயே வந்துவிட்டது, வேகமும் நொடிக்கு 5 மெகாபிட்டில் இருந்து 10க்கும் மேலே போய்விட்டது. எம்எஃப்எம் கார்டில் மாட்டினால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், வேறெதுவும் நடக்காது.

தட்டில் செக்டார்களையே புதிதாக எழுதும் தாழ்நிலை ஃபார்மட் பற்றி ஒரு எச்சரிக்கை. வெஸ்டர்ன் டிஜிட்டல் கார்டுகளில் டாஸின் டீபக் நிரலைத் திறந்து ஜி=சி800:5 என்று அடித்தால் ஃபார்மட் மெனு வரும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். உண்மைதான், வரும். ஆனால் அது டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் துடைத்துவிடும். "சும்மா பார்க்கலாம்" என்று அடிக்கிற கட்டளை இல்லை அது. அப்புறம், எஸ்டி-225 போன்ற டிஸ்க்குகள் அணைத்ததும் தானாக ஹெட்டை ஓரம் கட்டாது, இடம் மாற்றுவதற்கு முன்னால் பார்க் நிரலை ஓட்டிவிடுங்கள்.

40 பின்: விளக்கு விடாமல் எரிகிறது, மெஷின் திரையே காட்டாமல் நிற்கிறது

கேபிள் தலைகீழ். பழைய கேபிள்களில் 20வது துளை அடைத்திருக்காது, பழைய டிஸ்க்குகளிலும் 20வது பின் வெட்டியிருக்காது, அதனால் எப்படி வேண்டுமானாலும் சொருகலாம். சிவப்புக் கோடு முதல் பின் பக்கம் போக வேண்டும். பெரும்பாலான டிஸ்க்கில் அது பவர் கனெக்டரை ஒட்டிய பக்கம், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. போர்டில் அச்சிட்ட 1 என்ற எண்ணைத் தேடுங்கள். திருப்பி மாட்டினால் பெரும்பாலும் எந்தச் சேதமும் இல்லாமல் சரியாகிவிடும்.

40 பின்: கேபிள் சரி, ஆனால் டிஸ்க்கே இல்லை என்கிறது

இதில் இரண்டு ஐடிஇ உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏடி மெஷின்களுக்கு வந்த 16 பிட் ஐடிஇ ஒன்று, எக்ஸ்டி வகை மெஷின்களுக்கு வந்த 8 பிட் ஐடிஇ இன்னொன்று. இரண்டிலும் 40 பின், ஒரே கேபிள், ஒன்றில் மற்றது வேலை செய்யாது. டாண்டி 1000 வரிசையில் ஆர்எல், டிஎல்/2 போன்ற மாடல்கள் போர்டிலேயே 8 பிட் ஐடிஇ வைத்திருந்தன. கொமடோர் கம்பெனியின் அமிகா 500 கம்ப்யூட்டருக்கு வந்த ஏ590 ஹார்ட் டிஸ்க் பெட்டியின் உள்ளே இருந்ததும் இந்த 8 பிட் வகைதான். இந்த மெஷின்களில் பின்னால் வந்த எந்த ஐடிஇ டிஸ்க்கையும் நேரடியாகப் போட முடியாது. சீகேட் எஸ்டி-351ஏ/எக்ஸ் என்ற ஒரு டிஸ்க் மட்டும் பெயரிலேயே இரண்டு எழுத்தையும் வைத்திருக்கிறது, ஜம்பரை மாற்றினால் இரண்டு வகையாகவும் நடந்துகொள்ளும். அது கிடைத்தால் பத்திரமாக வையுங்கள்.

ஏ590ல் டிஸ்க் சரியாக இருந்தும் தானாகத் தொடங்கவில்லை என்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு அமிகாவின் ரோமைப் பாருங்கள், அதாவது மெஷினைத் தொடங்கும் நிரல் உள்ள கிக்ஸ்டார்ட் ரோம் எந்தப் பதிப்பு என்று. 1.2 ஹார்ட் டிஸ்க்கில் இருந்து தொடங்காது, 1.3 வேண்டும். அந்தப் பெட்டியில் ஸ்கஸி வழியும் உண்டு, உள் டிஸ்க் போய்விட்டால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

16 பிட் ஐடிஇதான் என்று உறுதியான பிறகும் தெரியவில்லை என்றால் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர், அதாவது ஒரே கேபிளில் உள்ள டிஸ்க்குகளில் எது முதலாவது, எது இரண்டாவது என்று சொல்லும் ஜம்பர். ஒரே கேபிளில் இரண்டு வேறு கம்பெனி டிஸ்க் போட்டு இரண்டும் 1990ஐ ஒட்டிய காலத்தவை என்றால், ஒன்றையொன்று ஏற்காமல் அடம் பிடிப்பது சகஜம். தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். சில டிஸ்க்கில் "தனியாக இருக்கும் மாஸ்டர்", "ஸ்லேவ் கூட இருக்கும் மாஸ்டர்" என்று இரண்டு தனி அமைப்புகள் உண்டு. தனியாக இருக்கும் டிஸ்க்கில் இரண்டாவதை வைத்தால் அது இல்லாத ஸ்லேவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். கானர் டிஸ்க்கில் ஜம்பருக்கு சி/டி என்று பெயர், போட்டிருந்தால் மாஸ்டர்.

எக்ஸ்டி மெஷின் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. அதன் மதர்போர்டு பயாஸுக்கு (மெஷினைத் தொடங்கும் அடிப்படை நிரல்) ஹார்ட் டிஸ்க் என்றால் என்னவென்றே தெரியாது, கார்டில் இருக்கும் ரோம்தான் எல்லாவற்றையும் செய்யும். ரோம் இல்லாத சாதாரண ஐடிஇ கார்டை 8 பிட் ஸ்லாட்டில் செருகினால் எதுவும் நடக்காததில் வியப்பில்லை. எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ் ரோம் உள்ள கார்டு ஒன்று போட்டுவிட்டால் காம்பாக்ட் ஃபிளாஷ் மெமரி கார்டைக்கூட டிஸ்க்காக ஓட்டலாம்.

44 பின்: குளிர்ந்த நிலையில் போட்டால் தெரியவில்லை, ரீசெட் செய்தால் தெரிகிறது

1992ல் வந்த அமிகா 600, அமிகா 1200 இரண்டும் உள்ளேயே 44 பின் ஐடிஇ வைத்திருந்தன, அதே ஆண்டு வந்த அடாரி ஃபால்கனும் அப்படியே. ரீசெட் செய்தால் வருகிறது என்றால் டிஸ்க்கும் கேபிளும் சரி. டிஸ்க் முழு வேகம் எடுப்பதற்குள் மெஷின் தேடி முடித்துவிடுகிறது. வேகமாகச் சுற்றத் தொடங்கும் வேறு டிஸ்க், அல்லது சுற்ற வேண்டியதே இல்லாத காம்பாக்ட் ஃபிளாஷ் போட்டால் தீர்ந்தது.

அமிகா 600ல் எத்தனை ரீசெட் செய்தாலும் வரவில்லையா? கிக்ஸ்டார்ட் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 37.299 என்று இருந்தால் அந்த ரோமில் ஐடிஇக்கான நிரலே கிடையாது. ரோமை மாற்றாமல் வேறு வழியில்லை.

இந்த 44 பின்னில் மாட்டும்போது மட்டும் மிகக் கவனமாக இருங்கள். 40 பின்னில் தலைகீழாக மாட்டினால் மெஷின் நின்றுபோகும், அவ்வளவுதான். இதிலோ 41, 42வது பின்களில் 5 வோல்ட் கரன்ட் வருகிறது. கனெக்டர் ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தாலே அந்த 5 வோல்ட் தப்பான இடத்தில் பாய்ந்துவிடும். டிஸ்க்கில் 44 பின்னுக்குப் பக்கத்தில் சின்ன இடைவெளி விட்டு நான்கு ஜம்பர் பின்கள் இருக்கும், கனெக்டர் அவற்றின் மேல் ஏறக் கூடாது. முதல் பின் அந்த நான்கு பின்கள் இருக்கும் ஓரம். சாய்வாக வெளிச்சம் அடித்து, பின் எதுவும் வெளியே நிற்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.

50 பின் ஸ்கஸி: தெரிகிறது, மறைகிறது, அல்லது எல்லா எண்ணிலும் ஒரே டிஸ்க் தெரிகிறது

கடைசியில் சொன்னதுதான் எளிது. ஸ்கஸியில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி எண் உண்டு. சாதனங்களைத் தேடும் நிரலில் 0 முதல் 6 வரை ஒரே டிஸ்க் வரிசையாகக் காட்டினால், டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் ஒரே எண் கொடுத்திருக்கிறீர்கள். கன்ட்ரோலர் வழக்கமாக 7. டிஸ்க்கின் மூன்று ஜம்பரும் போட்டிருந்தால் அதுவும் 7, ஒன்றைக் கழற்றுங்கள். ஆப்பிளின் மேக்கில் உள் டிஸ்க் 0வாக இருப்பது வழக்கம்.

வந்து வந்து போகிறது என்றால் டெர்மினேஷன். சங்கிலியின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் வேண்டும், நடுவில் கூடாது. மேக் பிளஸ் இதில் விதிவிலக்கு. 1986ல் ஸ்கஸியோடு வந்த முதல் மேக் அதுதான், ஆனால் அதன் போர்ட் டெர்மினேட்டருக்கான கரன்ட்டைத் தராது. மற்ற மேக்கில் அழகாக ஓடும் வெளிப்பெட்டியோ எஸ்டி கார்டு வைக்கும் நவீன சாதனமோ பிளஸில் மட்டும் உயிரே இல்லாமல் கிடந்தால் காரணம் இதுதான். சங்கிலியில் வேறு ஏதாவது ஒரு சாதனம் அந்தக் கரன்ட்டைக் கொடுக்க வேண்டும், அல்லது நவீன சாதனத்துக்குத் தனியாகக் கரன்ட் கொடுக்க வேண்டும்.

அடாரி மெகா எஸ்டிஇயில் உள் அடாப்டர், பிழையைக் கண்டுபிடிக்க உதவும் பாரிட்டி பிட்டை உருவாக்குவதில்லை. பாரிட்டி பார்க்கும் டிஸ்க் அதில் பிழை காட்டும், டிஸ்க்கின் பாரிட்டி ஜம்பரை அணைத்தால் சரியாகும்.

டிஸ்க் ஸ்கஸி எண்ணில் தெரிகிறது, ஆனால் மேக்கின் ஹெச்டி எஸ்சி செட்டப் நிரல் ஃபார்மட் செய்ய மறுக்கிறது என்றால் டிஸ்க்கில் எந்தக் குறையும் இல்லை. ஆப்பிள் விற்ற டிஸ்க்கை மட்டுமே அந்த நிரல் ஏற்கும். திருத்திய 7.3.5 பதிப்பையோ வேறு கம்பெனியின் ஃபார்மட் நிரலையோ பயன்படுத்துங்கள். மேக் என்றாலே ஸ்கஸி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1994ல் வந்த குவாட்ரா 630, பவர்புக் 150 இரண்டும் உள்ளே ஐடிஇ.

பின்னால் வந்த 68 பின், 80 பின் டிஸ்க்குகளை அடாப்டர் வைத்து 50 பின்னில் ஓட்டலாம், டிஸ்க் எல்விடி (குறைந்த வோல்டேஜ் டிஃபரன்ஷியல்) அல்லது சாதாரண வகையாக இருந்தால். அடாப்டர் மேல் பாதி பிட்களையும் டெர்மினேட் செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லேபிளில் ஹெச்விடி (அதிக வோல்டேஜ் டிஃபரன்ஷியல்) என்றோ வெறும் டிஃபரன்ஷியல் என்றோ இருந்தால் மாட்டாதீர்கள், கன்ட்ரோலரே போய்விடலாம்.

வெளிப்பெட்டி: பிளக் பொருந்துகிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை

உடனே அணைத்துவிடுங்கள். இரண்டு கனெக்டர்களில் இந்த ஆபத்து அதிகம். 25 பின் டி வடிவம் மேக்கில் ஸ்கஸி, பிசியில் பிரின்டர். அமிகா 3000ன் பின்பக்கம் ஸ்கஸி 25 பின்னும் பிரின்டர் 25 பின்னும் ஒரே மெஷினில் இருக்கின்றன. பழைய ஜிப் டிரைவ்கள் ஸ்கஸியாகவும் பிரின்டர் வகையாகவும் ஒரே தோற்றத்தில் வந்தன, அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படித்த பிறகே மாட்டுங்கள்.

19 பின் டி வடிவம் இன்னொன்று. அடாரி எஸ்டியில் அது ஏசிஎஸ்ஐ என்ற ஹார்ட் டிஸ்க் வழி, மேக்கில் வெளி ஃபிளாப்பி வழி. ஆப்பிள் 1985ல் விட்ட 20 எம்பி ஹார்ட் டிஸ்க் 20 அந்த ஃபிளாப்பி வழியில்தான் மாட்டும், ஸ்கஸியில் அல்ல.

அடாரியின் ஏசிஎஸ்ஐ ஸ்கஸிக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் ஸ்கஸி இல்லை. நடுவில் ஹோஸ்ட் அடாப்டர் இல்லாமல் ஸ்கஸி டிஸ்க்கை மாட்ட முடியாது. அடாரியின் சொந்த எஸ்ஹெச்204, மெகாஃபைல் 30 பெட்டிகளைத் திறந்தால் உள்ளே இருப்பது மேலே பார்த்த 34 + 20 டிஸ்க்கும் அதற்கான கன்ட்ரோலரும். அதனால் டிஸ்க் போனால் அதே வகையைத்தான் தேட வேண்டும். எல்லாம் சரியாக மாட்டியும் டெஸ்க்டாப்பில் சி ஐகான் வரவில்லை என்றால் டிரைவர் நிரல் ஏறவில்லை. பெட்டியை முதலில் போட்டு, சத்தம் சீராகும்வரை காத்திருந்து, அப்புறம் கம்ப்யூட்டரைப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் ஃபிளாப்பியில் இருந்து டிரைவரை ஏற்றிப் பாருங்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் கொள்ளளவு குறைவாக இருக்கிறது, அல்லது கொஞ்ச நாளில் ஃபைல்கள் கெடுகின்றன

இன்டர்ஃபேஸ் சரி, கணக்கில்தான் தகராறு. பிசியில் 528 எம்பியில் நின்றால், ஐடிஇ தாங்கும் ஹெட் எண்ணிக்கை 16, பயாஸ் தாங்கும் சிலிண்டர் 1024, செக்டார் 63. பெருக்கி 512 பைட்டால் பெருக்கினால் 52,84,82,304 பைட். அதற்கு மேல் அந்த பயாஸுக்குக் கண் தெரியாது. அதைவிட முன்னால், டாஸ் 3.3ல் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) 32 எம்பியைத் தாண்டாது. தேடும்போதே மெஷின் உறைந்துவிட்டால் 4095 சிலிண்டருக்கு மேல் உள்ள டிஸ்க்கைக் கண்டு பயாஸ் திணறுகிறது. சில டிஸ்க்கில் கொள்ளளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பர் உண்டு, அதைப் போடுங்கள்.

பயாஸில் பட்டியலில் இருந்து எண் மட்டும் தேர்ந்தெடுக்க முடிகிறது, சொந்தமாக எழுத இடமில்லை என்றால், ஐடிஇ டிஸ்க்கின் மொத்தக் கொள்ளளவைத் தாண்டாத ஏதாவது ஒரு வகையை எடுத்துக்கொள்ளலாம், பெரும்பாலான டிஸ்க் அனுசரித்துப் போகும். எம்எஃப்எம்மில் இது செல்லாது, அங்கே சிலிண்டரும் ஹெட்டும் உண்மையானதாகவே இருக்க வேண்டும். வேறு மெஷினில் இருந்து வந்த ஐடிஇ டிஸ்க் குப்பையாகத் தெரிந்தால், அதில் டிஸ்க் மேனேஜர் மாதிரி, பயாஸின் வரம்பைத் தாண்ட உதவும் ஓவர்லே நிரல் ஏறியிருக்கலாம். பார்ட்டிஷன் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் கை வைக்காமல், டிஸ்க்கை அதன் ஓவர்லே வழியாகவே தொடங்க விட்டுப் பாருங்கள்.

அமிகாவில் இது இன்னும் மோசமாக நடக்கும். கிக்ஸ்டார்ட் 3.1 வரை உள்ள ஐடிஇ நிரல் டிஸ்க்கின் இடத்தை 32 பிட் பைட் எண்ணால் கணக்கிடுகிறது. 4 ஜிபியைத் தாண்டி எழுதினால் எண் சுற்றிவந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவிடும், பார்ட்டிஷன் பட்டியலே அங்கேதான் இருக்கிறது. பல மாதம் நன்றாக ஓடி, கடைசிப் பார்ட்டிஷனில் முதல் ஃபைல் வைத்த அன்று எல்லாம் காணாமல் போகும். பெரிய கார்டைப் போட்டாலும் பார்ட்டிஷன்களை முதல் 4 ஜிபிக்குள் வைத்துவிட்டு மீதியைத் தொடாமல் விடுங்கள், அல்லது 3.1.4, 3.2 போன்ற புதிய பதிப்புக்கு மாறுங்கள். சின்ன ஃபைல் சரி, பெரிய ஃபைல் மட்டும் கெடுகிறது என்றால் அமிகாவின் டிஸ்க் அமைப்பு நிரலான ஹெச்டிடூல்பாக்ஸில் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் (ஒரே தடவையில் மாற்றும் தகவலின் அளவு) மதிப்பை 0எக்ஸ்1எஃப்இ00 என்று குறைத்து எழுதுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும், ஏற்கெனவே கெட்ட ஃபைல்களை மறுபடி நகல் எடுத்து வைக்க வேண்டும்.